கொலை முயற்சி வழக்கில் கொல்லும் நோக்கத்தை நிரூபிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

“பத்து இடத்துல வெட்டியிருக்கான் சார். இதுக்கு மேல என்ன நிரூபிக்கணும்?” கடலூர் கோர்ட் வளாகத்தில் காயம்பட்டவரின் அண்ணன் என்னிடம் இப்படித்தான் கேட்டார். அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் அந்தப் பத்தும் முழங்காலுக்குக் கீழேயும் முன்கையிலும் விழுந்த மேலோட்டமான வெட்டுகள். கொலை முயற்சிக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஆயுதத்தால் காயப்படுத்திய குற்றமாகத் தீர்ப்பு இறங்கிவிட்டது. ஒரே ஒரு குத்து, அதுவும் சட்டையையும் தோலையும் கிழித்ததோடு நின்ற குத்து, கொலை முயற்சியாக நிலைத்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

அரசுத் தரப்புக்கு உதவும் ஜூனியர் வழக்கறிஞர்கள், புதிதாகப் புலன்விசாரணைக்கு வரும் எஸ்.ஐ.க்கள், காயம்பட்டவரின் குடும்பத்தார் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எதிரித் தரப்பில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பில், இருப்பவருக்கும் இதே வரிசை உதவும்; எங்கே ஓட்டை இருக்கும் என்று அவர் தேடுவார். படிகளை மாற்றிப் போடாதீர்கள். ஒவ்வொன்றும் அதற்கு முந்தியதன் மேல்தான் நிற்கிறது.

1. பிரிவை வார்த்தை வார்த்தையாகப் பிரியுங்கள்

2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்கு பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 109. அதற்கு முன் நடந்தவற்றுக்கு இ.த.ச. (இந்திய தண்டனைச் சட்டம்) 307. சம்பவத் தேதிதான் கணக்கு. ஜூன் மாதம் நடந்த சம்பவத்துக்கு ஜூலையில் எப்.ஐ.ஆர். போட்டிருந்தால் குற்றப் பிரிவு பழையது, நடைமுறைச் சட்டம் புதியது. இந்த இடத்தில் தடுக்கி விழுந்தவர்கள் நிறைய.

பிரிவு சொல்வது இதுதான்: ஒருவர் ஒரு செயலைச் செய்கிறார், அந்தச் செயலால் மரணம் நேர்ந்திருந்தால், அவருக்கு இருந்த நோக்கத்தையோ அறிவையோ, அதோடு அப்போதிருந்த சூழலையும் வைத்துப் பார்த்தால் அது கொலையாகியிருக்கும். அப்படியென்றால் அது கொலை முயற்சி. இதில் மூன்று கூறுகள் இருக்கின்றன: செயல், மனநிலை, சூழல். காயம் என்பது இதில் ஒரு கூறே இல்லை. காயம் ஏற்பட்டால் தண்டனை ஆயுள் வரை போகலாம்; ஏற்படாவிட்டால் 10 ஆண்டு வரை. அவ்வளவுதான் அதன் பங்கு.

மரணம் விளைவிக்கும் அளவுக்குக் காயம் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று 1983-இல் பல்ராம் பாமா பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019-இல் கன்ஹா வழக்கிலும் அதையே உறுதி செய்தது. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இவற்றை மட்டும் வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். காயம் சிறிதாக இருந்தால் நோக்கத்தை மற்றவற்றிலிருந்து காட்டும் பொறுப்பு உங்கள் தலையில் கூடுதலாக விழுகிறது என்பதுதான் அவற்றின் மறுபக்கம்.

இன்னொன்று. “கொலையாகியிருக்குமா?” என்ற சோதனையில் விதிவிலக்குகளும் அடங்கும். கடுமையான, திடீர் ஆத்திரமூட்டலிலோ, முன்திட்டமில்லாத திடீர்ச் சண்டையிலோ நடந்திருந்தால், செத்திருந்தாலும் அது கொலையாகாத மரணம்தான். அப்போது பொருந்துவது 110, அதாவது கொலையாகாத மரணத்தை விளைவிக்கும் முயற்சி. காயம் ஏற்பட்டிருந்தால்கூட அதிகபட்சம் 7 ஆண்டு. எதிரித் தரப்பு முதலில் ஓடி நிற்கும் இடம் இது.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எப்.ஐ.ஆர்., புகார் மனு, ஏ.ஆர். காப்பி (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல்), காயச் சான்றிதழ், அறுவை சிகிச்சைக் குறிப்பு, எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் படமும் அறிக்கையும், டிஸ்சார்ஜ் சம்மரி, பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பு), சம்பவ இடத்தின் மாதிரி வரைபடம், கைப்பற்றுதல் மகஜர்கள், சாட்சிகளின் போலீஸ் வாக்குமூலங்கள், தடய அறிவியல் அறிக்கை. இவை எல்லாம் வந்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

நம் பகுதியில் ஒரு சிக்கல் உண்டு. கடலூர் அரசு மருத்துவமனையில் முதலுதவி செய்து, புதுச்சேரி ஜிப்மருக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ அனுப்பிவிடுவார்கள். வழியில் ஒரு தனியார் கிளினிக்கிலும் நிறுத்தியிருப்பார்கள். ஆக, ஒரே காயத்துக்கு மூன்று இடங்களில் பதிவு இருக்கும். போலீஸ் கோப்பில் பெரும்பாலும் கடைசி இடத்துத் தாள் மட்டுமே வரும். முதல் இடத்துத் தாளைத் தேடிப் போங்கள். “யார் அடித்தது, எதால் அடித்தது” என்ற கேள்விக்கு யாரும் யோசித்துப் பதில் தயாரிக்காத நேரத்தில் எழுதப்பட்டது அதுதான்.

ஜிப்மரில் பயிற்சி முடித்த மருத்துவர் விசாரணை நேரத்தில் வேறு மாநிலத்தில் இருப்பார். அவருடைய இப்போதைய முகவரியை இப்போதே கேட்டு வையுங்கள். காணொலி வழியாகச் சாட்சி சொல்ல, புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 530 வழி விடுகிறது. மாற்றலாகிப் போனவருக்குப் பதில் அதே பொறுப்பில் இருப்பவரை அழைக்க 336 உதவுகிறது. ஆனால் நோக்கம்தான் பிரச்சினை என்னும் வழக்கில் காயத்தைக் கண்ணால் பார்த்த மருத்துவரே பேசுவதற்கு ஈடு எதுவும் இல்லை.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை: வழக்கை நடத்துவது அரசு வழக்கறிஞர். உங்கள் வழக்கறிஞர் அவருக்கு உதவலாம். சாட்சியம் முடிந்ததும் நீதிமன்ற அனுமதியோடு எழுத்து வாதம் கொடுக்கலாம். இதை முன்பே புரிந்துகொண்டால் வீண் மனக்கசப்பு வராது.

3. முதல் மூன்று தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

ஏ.ஆர். காப்பி, புகார், போலீஸ் வாக்குமூலம். மேஜையில் மூன்றையும் விரித்து நான்கு விஷயங்களை மட்டும் ஒப்பிடுங்கள்: எத்தனை பேர், என்ன ஆயுதம், எங்கே விழுந்தது, என்ன சொல்லிக்கொண்டு அடித்தான்.

ஏ.ஆர். காப்பியில் “தெரிந்த நபர்கள் 2 பேர், கத்தியால்” என்று இருக்கும். புகாரில் 5 பேர், அரிவாள் என்று வளர்ந்திருக்கும். வளர்ந்தது யார் வேலை என்பது அடுத்த கேள்வி. அந்த மூன்று பேரைச் சேர்த்ததால் உண்மையான இரண்டு பேர் மேல் உள்ள நோக்கமும் சந்தேகத்துக்குள் போய்விடும். பகையை மொத்தமாகத் தீர்த்துக்கொள்ளப் பெயர்களைக் கூட்டும் குடும்பங்களிடம் நான் இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன்: “கூட்டின ஒவ்வொரு பேரும் உங்க கேஸ்ல ஒரு செங்கல்லை உருவுது.”

அப்புறம் அந்த வசனம். “உன்னைக் கொல்லாம விடமாட்டேன்டா” என்று சொல்லிக்கொண்டே வெட்டினான் என்பது நம் புகார்களில் அச்சடித்ததுபோல் வரும். ஒரே ஸ்டேஷனில் பத்துப் புகாரை எடுத்தால் பத்திலும் அதே வாக்கியம் இருக்கும். நீதிபதிக்கும் அது தெரியும். காயம்பட்டவரிடம் தனியாக உட்கார்ந்து, “அவன் வாயில வந்தது என்ன? அப்படியே சொல்லுங்க” என்று கேளுங்கள். கெட்ட வார்த்தையோடு, திக்கலோடு வரும் அந்த வாக்கியத்துக்குத்தான் உயிர் உண்டு. அவன் ஒன்றும் சொல்லவில்லை என்றால், சொல்லவில்லை என்றே இருக்கட்டும். வாய் திறக்காமல் கழுத்தைக் குறி வைத்தவனின் நோக்கத்துக்கு வசனம் தேவையில்லை.

போலீஸ் வாக்குமூலத்தில் இல்லாத முக்கியமான விஷயத்தைச் சாட்சி கூண்டில் முதன்முறையாகச் சொன்னால், அந்த விடுபாடே முரண்பாடாக எடுத்துக்கொள்ளப்படலாம். அதனால் கூண்டில் புதிதாக எதையும் சேர்க்க வைக்காதீர்கள். விடுபட்டது உண்மையிலேயே நடந்திருந்தால், சார்ஜ் ஷீட்டுக்கு முன்பே மேல்விசாரணை வாக்குமூலம் வாங்கச் சொல்லுங்கள்.

உயிர் பிழைக்க மாட்டார் என்று நினைத்து மாஜிஸ்திரேட் மரண வாக்குமூலம் பதிவு செய்து, பிறகு அவர் பிழைத்துவிட்டால், அந்தத் தாள் மரண வாக்குமூலமாக நிற்காது. முந்தைய வாக்குமூலமாக, அவர் கூண்டில் சொல்வதை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ மட்டும் பயன்படும். அதை “மரண வாக்குமூலம்” என்று சான்றாவணமாகக் குறியிட்டு, அதன் மேலேயே முழு வாதத்தையும் கட்டிய ஒரு கோப்பை நான் பார்த்திருக்கிறேன்.

4. ஆயுதம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்

புதியவர்கள் ஆயுதத்தின் நீளத்தை அளக்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது அது வந்த வழி.

கடலூர் துறைமுகத்தில் மீன் வெட்டுகிறவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் கத்தி இருப்பது அவருடைய பிழைப்பு. கூலித் தகராறில் வாய்ச்சண்டை முற்றி, கையில் இருந்ததையே வீசினார். தோளில் ஒரு வெட்டு. இதில் கத்தி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது நோக்கத்தைப் பற்றி அதிகம் பேசாது. அதே மனிதர் கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய், அரை மணி கழித்து வீச்சரிவாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார் என்று வையுங்கள். இப்போது நோக்கம் அந்த அரை மணி நேரத்தில் இருக்கிறது. அந்த அரை மணியை நிரூபிக்க ஒரு டீக்கடைக்காரரோ, வழியில் பார்த்த ஒரு பக்கத்து வீட்டுக்காரரோ, கடை வாசல் கேமராவோ போதும். ஆனால் அந்தச் சாட்சியைத் தேட வேண்டும் என்று யாருக்காவது தோன்ற வேண்டும்.

பண்ருட்டிப் பக்கம் பலாப்பழம் வெட்டும் கத்தியும் இதே கதைதான். சீசனில் கடைக்குக் கடை அது கிடக்கும். அங்கேயே எடுத்ததா, கொண்டு வந்ததா என்பதைப் பார்வை மகஜரே சொல்லிவிட முடியும்: சம்பவ இடத்தில் வெட்டிய பழம், பலகை, மற்ற கத்திகள் இருந்தனவா என்று குறித்திருந்தால்.

நோக்கத்தை எவற்றிலிருந்து எல்லாம் கண்டுகொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் புலிச்செர்லா நாகராஜு வழக்கில் வரிசைப்படுத்தியது. ஆயுதத்தின் தன்மை, அது கொண்டுவரப்பட்டதா அங்கே எடுக்கப்பட்டதா, உயிர்நிலையில் குறி வைத்தாரா, எவ்வளவு வேகம், திடீர்ச் சண்டையா, முன்பகை உண்டா, ஒரு அடியா பல அடியா, இப்படி. அது கொலை வழக்கு என்றாலும் 109-இன் சோதனையே “செத்திருந்தால் கொலையா?” என்பதால் நமக்கும் அப்படியே பொருந்தும். அந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் சாட்சியின் எண்ணைப் போடுங்கள். எதிரே ஒன்றும் எழுத முடியாத வரிகள்தான் நீங்கள் உழைக்க வேண்டியவை.

கேமரா பதிவு இருந்தால் உடனே எடுக்க வேண்டும். கடைக்காரர்களின் பெட்டியில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். புதிய சாட்சியச் சட்டமான பி.எஸ்.ஏ.-வின் 63-இன்படி சான்றிதழ் இரண்டு பாகங்களோடும், கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்போடும் இருக்க வேண்டும். பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு, சான்றிதழ் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது பிறகு வரவே வராது.

5. காயத்தை மருத்துவர் வாயிலிருந்து முழுதாக வாங்குங்கள்

நான் அதிகம் பயப்படும் படி இது. பெரும்பாலும் மருத்துவரை ஐந்து நிமிடத்தில் விசாரித்து அனுப்பிவிடுகிறார்கள். “காயங்கள் ஆயுதத்தால் ஏற்பட வாய்ப்புண்டா?” “உண்டு.” “கொடுங்காயமா?” “ஆம்.” முடிந்தது. கொடுங்காயம் என்பது 118-க்கு, அதாவது ஆயுதத்தால் காயப்படுத்திய குற்றத்துக்குப் போதும். 109-க்கு அது பாதி வழிகூட இல்லை.

கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள். முதலில் இடம், நீளம், அகலம், ஆழம். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்துக் காயம் என்றால் காயச் சான்றிதழில் ஆழம் எழுதியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அவசரப் பிரிவில் அதைத் துழாவிப் பார்ப்பது ஆபத்து. ஆழம் அறுவை சிகிச்சைக் குறிப்பிலோ ஸ்கேனிலோ இருக்கும். அறுவை செய்தவர் வேறு மருத்துவர் என்றால் அவரையும் சாட்சியாக்க வேண்டும். “ஆழம் குறிக்கப்படவில்லை” என்பதை எதிரித் தரப்பு “ஆழமே இல்லை” என்று திருப்பிப் போட்டு வென்ற வழக்குகள் உண்டு.

அடுத்து, அந்த இடத்துக்கு உள்ளே என்ன உறுப்பு இருக்கிறது? விலா எலும்பில் பட்டு நின்ற குத்து சிறிய காயம்தான். அதற்கு இரண்டு விரல் உள்ளே கல்லீரல் இருக்கிறது என்று மருத்துவர் சொல்லும்போது குறி எங்கே வைக்கப்பட்டது என்பது தெரியும். முக்கிய உறுப்பு வெட்டுப்படவில்லை என்பதால் மட்டும் வழக்கு 307-லிருந்து வெளியே போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் சர்ஜு பிரசாத் வழக்கிலேயே சொல்லியிருக்கிறது.

மூன்றாவது, ஆயுதத்தை மருத்துவர் கையில் கொடுங்கள். உண்மையாகவே கொடுங்கள். பொட்டலத்தைப் பிரித்து, சான்றுப்பொருளைக் காட்டி, “இதனால் இந்த 1-ஆம் காயம் ஏற்பட்டிருக்க முடியுமா?” என்று காய எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஆயுதம் நீதிமன்றத்தின் வழக்குச் சொத்து அறையிலேயே இருக்க, மருத்துவர் சாட்சி சொல்லிவிட்டுப் போன நாட்கள் எத்தனையோ.

நான்காவது: சிகிச்சை கிடைத்திருக்காவிட்டால், இயல்பான போக்கில் மரணம் விளைவிக்க இந்தக் காயம் போதுமானதா? பதில் “ஆம்” என்றால் நல்லது. “இல்லை” என்று வரும் எனத் தெரிந்தாலும் அந்தக் கேள்வியைத் தவிர்த்து மறைக்கப் பார்க்காதீர்கள். குறி, வேகம், தடுத்த விதம் ஆகியவற்றில் நில்லுங்கள்.

ஐந்தாவது, தற்காப்புக் காயங்கள். உள்ளங்கையில், முன்கையின் வெளிப்புறத்தில் உள்ள வெட்டுகளை ஜூனியர்கள் “கையில் சிறு காயம்” என்று தாண்டிப் போகிறார்கள். கழுத்துக்கு வந்த அரிவாளைத் தடுத்த கை அது. காயம்பட்டவர் கூண்டில் கையைத் தூக்கிக் காட்டி, மருத்துவர் அதே காயத்தின் இடத்தைச் சொல்லும்போது, விழாத வெட்டு எங்கே விழ வந்தது என்று நீதிபதிக்குத் தெரியும்.

குறுக்கு விசாரணையில் “கீழே கூரான பொருளில் விழுந்தால் இது ஏற்படுமா?” என்று கேட்பார்கள். மருத்துவர் “வாய்ப்பு உண்டு” என்பார். அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். குறுக்கு விசாரணை முடிந்ததும் நீங்கள் கேட்கும் மறுவிசாரணையில், சீரான விளிம்பு உள்ள வெட்டு, இந்த இடத்தில், இந்தத் திசையில், விழுந்து ஏற்படுமா என்று கேளுங்கள்.

உடையையும் மறக்காதீர்கள். ஒரு வழக்கில் சான்றுப்பொருள் பொட்டலத்தைப் பிரித்துச் சட்டையை மேஜையில் விரித்தோம். முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை நேராகக் கிழிந்திருந்தது. “இவ்வளவு பெரிய வெட்டு என்றால் உடம்பில் ஏன் ஒரு அங்குலம்தான்?” என்று எதிரித் தரப்பு கேட்டது. எங்களிடம் பதில் இல்லை. பிறகுதான் புரிந்தது: அது அவசரப் பிரிவில் சட்டையைக் கழற்ற கத்தரிக்கோலால் வெட்டியது. கத்தி இறங்கிய ஓட்டை இடது பக்கம், பட்டன் அளவில், காய்ந்த ரத்தத்தின் நடுவே சின்னதாக இருந்தது. இரண்டையும் வேறுபடுத்திக் கைப்பற்றுதல் மகஜரில் எழுதியிருந்தால் அந்தச் சட்டையே எங்கள் முக்கியச் சாட்சியாக இருந்திருக்கும்.

6. உயிர் ஏன் போகவில்லை என்பதை நிரூபியுங்கள்

கொலை வழக்கில் மரணத்தை நிரூபிக்கிறோம். கொலை முயற்சியில் மரணம் ஏன் நேரவில்லை என்பதை நிரூபிக்க வேண்டும். என் அனுபவத்தில் வழக்கின் தலைவிதி இந்த இடத்தில்தான் தீர்கிறது. ஆனால் சார்ஜ் ஷீட்டில் இதற்கென்று ஒரு வரிகூட இருக்காது.

காயம்பட்டவரிடமும் கண்ணால் கண்ட சாட்சியிடமும் கேளுங்கள்: அடி எப்படி நின்றது? யாராவது அவன் கையைப் பிடித்தார்களா? இவர் குனிந்தாரா, கையால் தடுத்தாரா, ஓடினாரா? அரிவாள் பிடி கழன்றதா? கூட்டம் சேர்ந்துவிட்டதா? இல்லை, செத்துவிட்டான் என்று நினைத்து விட்டுப் போனானா?

இவற்றில் எது பதில் என்றாலும் அதற்கு ஒரு சாட்சியோ பொருளோ இருக்கும். பிடித்தவர் இருப்பார், அவர் கையிலும் கீறல் இருக்கும், அவரும் மருத்துவமனை போயிருப்பார். கழன்ற பிடி தனியாகக் கிடந்திருக்கும். ஓடிய பாதையில் ரத்தத் துளி இருந்திருக்கும்; மாதிரி வரைபடத்தில் அந்தத் துளிகளின் இடத்தைக் குறித்திருந்தால், அவர் ஓடியதும் இவன் துரத்தியதும் ஒரே படத்தில் தெரியும். துரத்தினான் என்பது தனிக் கனம் உள்ள விஷயம். காயப்படுத்த மட்டும் வந்தவன் முதல் வெட்டு விழுந்ததும் பெரும்பாலும் நிறுத்திவிடுவான்.

சில வழக்குகளில் பதில் சங்கடமாக இருக்கும். இடத்தில் யாரும் இல்லை, அடிபட்டவர் தரையில் கிடந்தார், ஆயுதம் இவன் கையிலேயே இருந்தது, இருந்தும் இவனாக நிறுத்திவிட்டுப் போனான். முதல் வீச்சிலேயே கொல்லும் நோக்கம் தெளிவாக நிரூபிக்கப்பட்டால், பிறகு நிறுத்தியது குற்றத்தை அழிக்காது. ஆனால் அந்த முதல் வீச்சு கை, கால் மேல் விழுந்திருந்து, இவனாகவே நிறுத்தியும் இருந்தால், நோக்கம் கொல்வது இல்லை என்றே நியாயமாக யாரும் முடிவு செய்வார்கள். அப்படிப்பட்ட வழக்கில் 118-ஐ உறுதியாக நிலைநாட்டுவதுதான் நேர்மை. இல்லாத நோக்கத்தை நிரூபிக்கப் போய், இருக்கும் குற்றத்தையும் தோற்பது காயம்பட்டவருக்குச் செய்யும் துரோகம்.

7. முன்பகை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதற்குத் தேவைக்கு மேல் நேரம் கொடுக்கிறார்கள். பகைக் காரணம் நோக்கத்துக்குத் துணை நிற்கும். பொய்யாகச் சேர்த்தார்கள் என்று சொல்லவும் அதே பகை உதவும். பழைய வழக்கின் எப்.ஐ.ஆர்., பஞ்சாயத்துப் பேச்சு, வரப்புத் தகராறின் சிவில் வழக்கு எண் என்று தாளாக இருந்தால் வையுங்கள். “எங்களுக்குள் ஆகாது” என்ற பொது வாக்கியம் பயன்படாது. சம்பவத்துக்கு எத்தனை நாள் முன் கடைசியாக மோதினார்கள் என்பதே கேள்வி.

8. ஒப்புதல் வாக்குமூலத்தில் எதை எடுக்கலாம்

போலீஸ் காவலில் வி.ஏ.ஓ. முன்னிலையில் எழுதிய ஒப்புதல் வாக்குமூலத்தில் “அவனைத் தீர்த்துக்கட்டத் திட்டமிட்டு…” என்று அழகாக இருக்கும். அது சாட்சியமாகாது. ஆயுதத்தை இன்ன இடத்தில் மறைத்துவைத்தேன், எடுத்துத் தருகிறேன் என்ற பகுதி மட்டும், அதன்படி பொருள் கிடைத்திருந்தால், ஏற்கப்படும். பழைய 27-ஆம் பிரிவு, இப்போது பி.எஸ்.ஏ. 23-இல் இருக்கிறது. முழு வாக்குமூலத்தையும் குறியிட முயன்று ஆட்சேபம் வாங்கிக்கொள்ள வேண்டாம். நோக்கத்தை வேறு வழியில் நிரூபிக்க முடியாத வழக்கை இந்தத் தாள் காப்பாற்றாது.

9. போதையும் திடீர்ச் சண்டையும்

கடலூர்க்காரர்களுக்கு முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி. அந்தப் பக்கம் குடித்துவிட்டு எல்லையில் நடக்கும் தகராறுகள் அடிக்கடி வரும். எந்த எல்லைக்குள் நடந்தது என்று தெரியாமல் புகாரைத் திருப்பி அனுப்பினால், பி.என்.எஸ்.எஸ். 173-ஐக் காட்டுங்கள்: இடம் எதுவானாலும் புகாரைப் பதிவு செய்தே ஆக வேண்டும். இந்த இழுபறியில் போகும் ஐந்து மணி நேரத்தைத்தான் “கலந்து பேசி ஜோடித்தார்கள்” என்று பிறகு சொல்வார்கள்.

தானாகக் குடித்தவன், நிதானத்தில் இருந்தால் என்ன தெரிந்திருக்குமோ அது தெரிந்தவனாகவே கருதப்படுவான். பி.என்.எஸ். 24 இப்படிச் சொல்வது அறிவைப் பற்றி. நோக்கத்தைப் பற்றிச் சொல்லவில்லை. 1956-இல் பாஸ்தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை விளக்கியது: போதை எவ்வளவு என்பதையும் சூழலையும் பார்த்தே நோக்கத்தை ஊகிக்க வேண்டும். அதனால் அவன் தள்ளாடினானா, வண்டி ஓட்டிக்கொண்டு வந்தானா, பெயர் சொல்லிக் கூப்பிட்டானா, வெட்டிய பிறகு ஆயுதத்தை மறைத்தானா என்பவற்றைச் சாட்சியிடம் வாங்குங்கள். ஆயுதத்தை மறைக்கத் தெரிந்தவனுக்கு என்ன செய்கிறோம் என்றும் தெரியும்.

மீனவக் கிராமங்களில் இரண்டு தரப்பும் மோதினால் வழக்கும் எதிர்வழக்கும் இருக்கும். எதிரியின் உடம்பிலும் காயம் இருந்தால் அதை மறைக்காமல் உங்கள் சாட்சி மூலமே விளக்குங்கள். விளக்கப்படாத காயம் தற்காப்பு வாதத்துக்கு வாசல் திறந்துவிடும்.

10. பல எதிரிகள் இருந்தால் ஒவ்வொருவரையும் தனியாக எழுதுங்கள்

“எல்லோரும் சேர்ந்து தாக்கினார்கள்” என்ற வாக்கியம் யாரையும் தண்டிக்க உதவாது. கத்தி வைத்திருந்தவன் ஒருவன், கையைப் பின்னால் மடக்கிப் பிடித்தவன் ஒருவன், வண்டியில் தயாராக நின்றவன் ஒருவன். பிடித்தவன், முதல் குத்து விழுந்த பிறகும் பிடியை விடாமல் இருந்தானா என்று கேளுங்கள். விடாமல் இருந்தால் அவனுக்கும் அதே நோக்கம் இருந்தது என்று பொது நோக்கத்தைச் சொல்லும் பி.என்.எஸ். 3(5)-இன் கீழ் வாதாட முடியும். உடனே விட்டுவிட்டு ஓடினான் என்றால் அதையும் அப்படியே சொல்லட்டும்.

11. சாட்சிகளின் வரிசையும் பிறழ்வதும்

காயம்பட்டவர், தடுத்தவர், அவரை மருத்துவமனைக்குக் கொண்டு போனவர், பிறகு மருத்துவர்கள், அதன் பின் மகஜர் சாட்சிகள், கடைசியில் புலன்விசாரணை அதிகாரி. காயம்பட்டவர் பேசிய ஓரிரு நாளுக்குள் மருத்துவர் பேசினால் இரண்டும் நீதிபதி மனதில் சேர்ந்து நிற்கும்.

109 சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம் இல்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடித்தாலும் விசாரணை நீதிமன்றத்தால் அதை முடித்துவைக்க முடியாது. சில வழக்குகளில் உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம். 2019-இல் லட்சுமி நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம், அப்போதும் ஆயுதத்தையும் காயத்தின் இடத்தையும் பார்க்க வேண்டும் என்றது.

சமரசப் பேச்சு நடந்தால் சாட்சிகள் பிறழ்வார்கள், போலீஸிடம் சொன்னதைக் கூண்டில் மாற்றிச் சொல்வார்கள். பிறழ் சாட்சி என்று அறிவித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். அவர் சொன்னது முழுவதும் அழிந்துபோவதில்லை. நம்பத்தக்க பகுதியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். “அடித்தவரைத் தெரியாது” என்பவர், “ஒருவர் கழுத்தை நோக்கி வெட்டினார், இவர் கையால் தடுத்தார்” என்பதையாவது ஒப்புக்கொண்டால், நோக்கத்தின் பாதி அவரிடமிருந்தே கிடைத்துவிட்டது. மிரட்டல் என்றால் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மனுப் போடுங்கள்.

12. எதிரியிடம் கேள்வி, வாதம், தீர்ப்பு நாள்

பி.என்.எஸ்.எஸ். 351-இன் கீழ் எதிரியிடம் கேட்கும் கேள்விகளில் நோக்கத்தைக் காட்டும் ஒவ்வொரு சூழலும் தனித்தனியாக இருக்க வேண்டும்: ஆயுதத்தோடு திரும்பி வந்தது, கழுத்தைக் குறி வைத்தது, துரத்தியது. அவரிடம் கேட்கப்படாத சூழலை அவருக்கு எதிராகப் பயன்படுத்துவது மேல்முறையீட்டில் உதைக்கும். கேள்வித் தாளை முன்கூட்டியே தயாரித்து அரசு வழக்கறிஞரிடம் கொடுங்கள்.

வாதத்தில் முதலில் 6-ஆம் படியைச் சொல்லுங்கள். ஆயுதமும் காயமும் பிறகு வரட்டும். மாற்றாக 110, 118(2), 118(1) எந்த ஆதாரத்தில் நிற்கும் என்பதையும் எழுத்து வாதத்தில் சேருங்கள். அப்படிச் சேர்த்தால் வழக்கு பலவீனமாகத் தெரியும் என்று ஜூனியர்கள் தயங்குகிறார்கள். நோக்கத்தில் நீதிபதிக்குச் சந்தேகம் வந்தால் அவர் கையில் அடுத்த படி தயாராக இருக்க வேண்டும், இல்லையென்றால் விடுதலைதான்.

குறைந்த பிரிவில் தண்டனை வந்தால், அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யக் காயம்பட்டவருக்கே உரிமை உண்டு. பி.என்.எஸ்.எஸ். 413 அதைத் தருகிறது. அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடலூர், புதுச்சேரி இரண்டுக்கும் செஷன்ஸ் தீர்ப்பின் மேல் போக வேண்டிய இடம் சென்னை உயர் நீதிமன்றம். தீர்ப்பு வாசித்த அன்றே, வீட்டுக்குக் கிளம்பும் முன், தீர்ப்புக்கும் சாட்சியங்களுக்கும் சான்றிட்ட நகல் கேட்டு மனுப் போட்டு, மனு எண்ணைக் காயம்பட்டவரின் போனில் சேமித்துக் கொடுத்துவிடுங்கள்.